குதிரைமசாலும் வேர்முடிச்சு நுண்ணுயிரும்

கறவை மாடு வைத்திருக்கும் அங்கத்தினர் எவரையேனும் அழைத்து, மாதச் செலவில் பெரும்பகுதி எதற்குப் போகின்றது என்று வினவினால், ‘தீவனத்துக்கு’ என்றே விடை வரும். பருத்திக்கொட்டை, பிண்ணாக்கு, தவிடு, கலப்புத் தீவனம் ஆகியவற்றைக் கடைவிலைக்கு வாங்கி மாட்டுக்கு இட்டுப் பாலைச் சங்கத்தில் ஊற்றுகிறவர்க்குக் கையில் மிஞ்சுவது சொற்பம். தறியோடு ஒரு பசுவையும் வைத்துக் காலந்தள்ளும் நெசவாளர் குடும்பங்களின் நிலையும் இதுவேயாகும். விலைகொடுத்து வாங்கும் புரதத்தின் ஒரு பகுதியையாவது நம் வயலிலேயே விளைவித்துக்கொள்ள வழி உண்டு. குதிரைமசால், வேலிமசால், முயல்மசால், தீவனத் தட்டைப்பயறு ஆகிய பயறுவகைத் தீவனப் பயிர்களே அவ்வழி. சோளத்தட்டிலும் புல்லிலும் உள்ளதைப்போல் இருமடங்குக்குக் குறையாத புரதம் இவற்றின் தழையில் உண்டு.

இப்பயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைத் தழைச்சத்தாக எடுத்துக்கொள்ளும் என்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்வர். ஆனால் அவை தாமாக எடுத்துக்கொள்வதில்லை. வேரில் குடியிருக்கும் ஒரு நுண்ணுயிர் எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு. அந்நுண்ணுயிர் இல்லாத நிலத்தில் குதிரைமசாலும் மற்றப் பயிர்களைப்போல் உரமூட்டையை எதிர்பார்த்து நிற்கும். இந்தச் சிறு வேறுபாட்டை அறியாமையால் நேர்ந்த ஒரு நட்டத்தை முதலில் கூறுவோம். அதில் நமக்கும் பங்கு உண்டு.

கொங்குப் பகுதியில் ஒரு சங்கத்தின் இருப்பைச் சரிபார்க்கச் சென்றிருந்தோம். இருப்புப் பதிவேட்டில் ‘ரைசோபியம் பொட்டலம் 400’ என்று கண்டிருந்தது. கிடங்கில் எண்ணினோம், நானூறும் இருந்தன. கையொப்பம் இட்டு வந்தோம். நானூறு பொட்டலங்களும் தகரக் கூரையின் கீழ், சித்திரை வெயிலில், உர மூட்டைகளின்மேல் அடுக்கப்பட்டிருந்ததைக் கண்ணால் கண்டிருந்தும், அது எண்ணிக்கையைப் பாதிக்கும் செய்தி அன்று என்று விட்டுவிட்டோம். பொட்டலத்தின்மேல் எந்தப் பயிருக்கு என்று அச்சிட்டிருந்ததையும் படிக்கவில்லை.

நான்கு மாதம் கழித்து அதே ஊருக்கு வேறொரு காரியமாகச் சென்றபோது, மாட்டுக்கடன் பெற்றிருந்த ஓர் அங்கத்தினர் நம்மைத் தம் வயலுக்கு அழைத்துச் சென்றார். கணவரை இழந்தவர், இரண்டு கறவை மாடுகளை வைத்துக் குடும்பத்தை நடத்துகிறவர். சங்கத்தில் பொட்டலம் வாங்கி, சொன்னபடி விதையில் கலந்து, அரை ஏக்கரில் குதிரைமசால் விதைத்திருந்தார். பயிர் முழங்காலுக்குப் பாதியளவே நின்றது. அடியிலைகள் வெளிறி மஞ்சள் பாய்ந்திருந்தன. முதல் அறுப்பை எதிர்பார்த்துக் கலப்புத் தீவனத்தைக் குறைத்திருந்தமையால் பாலும் குறைந்துவிட்டது; தவணை நின்றுவிட்டது. “ஏனுங்க ஐயா, மண்ணு செத்துப்போச்சுங்களா, வெதை செத்துப்போச்சுங்களா?” என்று அவ்வம்மையார் கேட்டார். மண்வெட்டியால் நான்கைந்து செடிகளை மண்ணோடு பெயர்த்து, வாய்க்கால் நீரில் வேரை அலசிப் பார்த்தோம். வெள்ளை வேர் மட்டும் இருந்தது. ஒரு முடிச்சுக்கூட இல்லை. செத்தது மண்ணும் அன்று, விதையும் அன்று, பொட்டலம்.

முடிச்சு என்று நாம் கூறியது யாதெனில்: பயறுவகைச் செடியின் இளவேரிலிருந்து கசியும் சில பொருள்களை அறிந்து, மண்ணிலுள்ள ரைசோபியம் இனத்து பாக்டீரியா வேரை நாடி வருகின்றது. வேர்த்தூவியின் நுனி சுருண்டு அதனை உள்ளே வாங்கிக்கொள்கின்றது. பாக்டீரியா உள்ளே பெருக, அவ்விடத்து வேர்த்திசு பருத்து ஒரு சிறு முடிச்சாகின்றது. முடிச்சுக்குள் இருக்கும் பாக்டீரியாவிடம் நைட்ரஜனேஸ் என்னும் நொதி உண்டு. காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன் இருந்தும் எந்தச் செடியும் அதனை நேரே உண்ண இயலாது. இந்நொதியோ அதனை அம்மோனியாவாக மாற்றிச் செடிக்கு அளிக்கின்றது. உரத் தொழிற்சாலையில் இதே மாற்றத்தைச் செய்ய 400 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பமும், நூறு வளிமண்டலங்களுக்கு மேற்பட்ட அழுத்தமும் வேண்டியிருக்கின்றன. வேர்முடிச்சில் அது மண்ணின் சாதாரணச் சூட்டிலேயே நடந்தேறுகின்றது.

இலவசமாக நடப்பதன்று. செடி தன் இலையில் சமைத்த சர்க்கரையை வேருக்கு அனுப்பிப் பாக்டீரியாவை வளர்க்கின்றது. அதற்கு ஈடாகத் தழைச்சத்தைப் பெறுகின்றது. கூட்டுறவு என்பதற்கு இதனினும் நல்ல உவமை கிடைப்பது அரிது என்று மேடையில் பேசுவோர் கூறலாம். அங்கும் பங்கை எடுத்துக்கொண்டு கடமையைச் செய்யாத அங்கத்தினர் இருக்கின்றனர் என்பதைச் சேர்த்துக் கூறுவதே நேர்மை. முடிச்சை உண்டாக்கிச் சர்க்கரையைத் தின்றுவிட்டுத் தழைச்சத்துக் கொடாத பாக்டீரியா வகைகளும் மண்ணில் உண்டு. தேர்ந்தெடுத்த நல்ல வகையை விதையோடு அனுப்புவதன் ஒரு நோக்கம், இத்தகையவை இடம்பிடிக்கும் முன்னர் நல்லவை இடம்பிடிக்க வேண்டும் என்பதே.

ஜெர்மனியில் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் 1886-ல் இவ்வுண்மையைச் சோதனையால் நிலைநாட்டினர். 1888-ல் ஹாலந்து நாட்டு பெய்ஜெரிங்க் அப்பாக்டீரியாவைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். அடுத்த பத்தாண்டுக்குள் அது விலைக்கு விற்கும் சரக்காகிவிட்டது.

இனி அப்பொட்டலங்களுக்கு நேர்ந்த முதற்குறையைக் காண்போம். அவை உளுந்து, நிலக்கடலை ஆகியவற்றுக்கு உரியவை என்று மேலேயே அச்சிட்டிருந்தது. ரைசோபியம் என்பது ஒரே பொருள் என்று சங்கச் செயலாளர் கருதினார். நாமும் அவ்வாறே கருதியிருந்தோம். உண்மை அதுவன்று. ஒவ்வொரு பயிர்க்குழுவுக்கும் தனித்தனிப் பாக்டீரியா உண்டு. தட்டைப்பயறு, நிலக்கடலை, பாசிப்பயறு, உளுந்து, முயல்மசால் ஆகியவை ஏறக்குறைய ஒரே குழுவைச் சேர்ந்தவை. குதிரைமசாலின் பாக்டீரியா வேறு. மெலிலோட்டி என்று அதற்குப் பெயர். அதனோடு உறவுகொள்ளும் பயிர் நம் ஊரில் வெந்தயம் ஒன்றே என்று சொல்லலாம். வேலிமசாலுக்கும் சவுண்டலுக்கும் அவற்றிற்கெனத் தெரிந்தெடுத்த வகைகள் வேண்டும். உளுந்துக்கு உரிய பாக்டீரியா, குதிரைமசால் வேரின் வாயிலில் எத்தனை நாள் நின்றாலும் கதவு திறக்காது.

நிலக்கடலையும் பயறும் தலைமுறை தலைமுறையாக விளைந்த நிலத்தில் தட்டைப்பயற்றுக் குழுவின் பாக்டீரியா பெரும்பாலும் முன்னமே குடியேறியிருக்கும். அத்தகைய நிலத்தில் தீவனத் தட்டைப்பயற்றுக்குப் பொட்டலம் இட்டாலும் இடாவிட்டாலும் முடிச்சுத் தோன்றும். விளைச்சலில் வேறுபாடு சிறிதாகவே இருக்கலாம். குதிரைமசாலையோ வெந்தயத்தையோ ஒருபோதும் கண்டிராத நிலத்தில் அதற்குரிய பாக்டீரியா இருப்பது அரிது. ஆகவே அங்கத்தினர்கள் பொட்டலத்துக்குக் கொடுக்கும் பணம் அதிகப் பயன் தருவது முதன்முதலாகக் குதிரைமசால் விதைக்கும் நிலத்திலேதான். ‘எல்லாப் பயிருக்கும் எல்லா நிலத்துக்கும் இரட்டிப்பு மகசூல்’ என்று எவரேனும் விற்க வந்தால், அவர் பயிரையும் அறியாதவர், மண்ணையும் அறியாதவர் என்று கொள்ளலாம்.

இரண்டாவது குறை சூடு. பொட்டலத்தில் உள்ளது பெரும்பாலும் பழுப்பு நிலக்கரித் தூள். அத்தூள் உரமன்று, வாகனம் மட்டுமே. உரமாவது அதன் ஈரத்தில் உயிரோடிருக்கும் பாக்டீரியா. யூரியா மூட்டை ஓராண்டு கிடங்கில் கிடந்தாலும் யூரியாவாகவே இருக்கும். இதுவோ நாற்றங்காலைப்போல் உயிருள்ள சரக்கு. 40 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் நாளுக்கு நாள் மடியும். ஈரம் காய்ந்தாலும் மடியும். நம் ஊர்த் தகரக் கொட்டகையினுள் கோடைப் பகலில் எத்தனை டிகிரி இருக்கும் என்பதை அங்கே நின்று வேலை செய்த சிப்பந்தியிடம் கேட்டால் போதும்.

மடிந்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்காகவே காண்போம். உரக் கட்டுப்பாட்டு ஆணை 1985-ஆம் ஆண்டினது. உயிர் உரங்கள் அதன்கீழ் 2006-ல் கொண்டுவரப்பட்டன. அதன்படி ஒரு கிராம் தூளில் குறைந்தது 5 கோடி உயிருள்ள பாக்டீரியா இருத்தல் வேண்டும். 200 கிராம் பொட்டலத்தில் ஆயிரம் கோடி ஆயிற்று. ஏக்கருக்கு 8 கிலோ குதிரைமசால் விதை விதைக்கிறோம். விதை மிகச் சிறியது. கிலோவுக்கு ஏறக்குறைய 5 இலட்சம் நிற்கும். ஆகவே 8 கிலோவில் 40 இலட்சம் விதை. ஒரு பொட்டலத்தைப் பங்கிட்டால் விதை ஒன்றுக்கு 2,500 பாக்டீரியா கிடைக்கும். குதிரைமசால் விதை ஒன்றுக்கு ஆயிரமேனும் வேண்டும் என்பது ஆஸ்திரேலிய நாட்டில் கைக்கொண்டுள்ள அளவு. ஆகவே புதிய பொட்டலம் போதுமானது. வெயிலில் கிடந்து பத்தில் ஒரு பங்கே உயிரோடு எஞ்சியதாயின் விதைக்கு 250 தான் வரும். அவற்றிலும் மண்ணின் சூட்டில் மடிவன மடிய, வேரை எட்டுவது எத்தனை? பதிவேட்டில் நானூறு பொட்டலம் என்ற எண் சற்றும் மாறாமலே சரக்கு இல்லாமற் போய்விட்டது. நம் தணிக்கை முறையில் இக்குறைவுக்கு ஒரு பத்தியும் கிடையாது.

இப்போது திரவ வடிவிலும் ரைசோபியம் விற்பனைக்கு வருகின்றது. மில்லி லிட்டருக்குப் பத்துக் கோடி என்பது அதற்கு விதித்த அளவு. தூளைவிட நீண்ட நாள் தாங்கும். ஆயினும் நிழலும் குளிர்ச்சியும் அதற்கும் வேண்டும்.

கிடங்கில் வைக்க வேண்டிய முறை கடினமானதன்று. ஓட்டுக் கூரையோ ஒட்டுக் கட்டடமோ உள்ள அறையின் வடபுற மூலையில், ஈர மணற்படுக்கைமேல் வைத்த பெரிய மட்பாண்டத்துக்குள் பொட்டலங்களை இட்டு மூடிவைத்தால் வெளிச்சூட்டினின்றும் பெருமளவு தப்பும். இரசாயன உரம், பூச்சிமருந்து ஆகியவற்றின் அருகே வைத்தல் ஆகாது. எல்லாவற்றினும் மேலானது, நெடுநாள் வையாதிருத்தலே.

விதையில் கலக்கும் விதத்தைக் கூறுவோம். ஒரு பொட்டலத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கரைத்து, 8 கிலோ விதைமேல் தெளித்து, ஒவ்வொரு விதையிலும் கருமை படியுமாறு கையால் மெல்லப் புரட்டவேண்டும். கஞ்சியின் பதத்தை உழவரைவிட நெசவாளர் நன்கு அறிவர். பாவுக்குப் போடும் கஞ்சியைவிடச் சற்று இளகியதாக, நூலில் ஒட்டுவதுபோல் விதையில் ஒட்டினால் சரி. சூடான கஞ்சி பாக்டீரியாவைக் கொன்றுவிடும். புளித்த கஞ்சியும் ஆகாது. பின்னர் நிழலில் அரைமணி உலர்த்தி, அன்றே, கூடுமானால் மாலையில் விதைத்து உடனே நீர் பாய்ச்சவேண்டும். வெயிலில் உலர்த்துவோர் பாதி வேலையைத் தம் கையாலேயே அழித்தவராவர். பூஞ்சாணக் கொல்லி கலப்பதாயின் அதனை முதலில் கலந்து, ஒருநாள் விட்டு, கடைசியாக நுண்ணுயிரைக் கலக்கவேண்டும். சூப்பர் பாஸ்பேட்டோடு சேர்த்து விதையைத் தூவுவது ஒரு வழக்கமாகவே உள்ளது. அந்த உரத்தின் புளிப்பு நுண்ணுயிருக்குப் பகை. இரண்டையும் ஒரே கூடையில் இடலாகாது.

வேலிமசால் விதைப்போர் ஒரு செய்தியை மறவாதிருக்க வேண்டும். அவ்விதையின் தோல் கடினமானது. கொதித்த நீரை இறக்கிச் சற்று ஆறவிட்டு, ஏறக்குறைய 80 டிகிரிச் சூட்டில் ஐந்து நிமிடம் ஊறவைத்தாலன்றி முளைப்பு ஒழுங்காக வராது. இவ்வெந்நீர் வேலையை முடித்து, விதையைக் குளிர்ந்த நீரில் அலசி உலர்த்திய பின்னரே நுண்ணுயிரைக் கலக்கவேண்டும். முன்னதைப் பின்னதாகச் செய்தவர்களையும் நாம் கண்டிருக்கிறோம்.

விதை வாங்கும்போதே கஸ்கூட்டா விதை கலவாததாகப் பார்த்து வாங்குதல் வேண்டும். அந்த மஞ்சள் ஒட்டுண்ணிக் கொடி ஒருமுறை படர்ந்துவிட்டால் எந்த நுண்ணுயிரும் பயிரைக் காவாது.

நுண்ணுயிர் அளிப்பது தழைச்சத்து மட்டுமே. மணிச்சத்தை அது உண்டாக்குவதில்லை. மாறாக, முடிச்சு உழைப்பதற்கே மணிச்சத்து மிகுதியாக வேண்டும். குதிரைமசாலுக்கு ஹெக்டருக்குத் தழைச்சத்து 25, மணிச்சத்து 120, சாம்பல்சத்து 40 கிலோ என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. இவ்விகிதத்தைப் பார்த்தாலே செய்தி விளங்கும். மணிச்சத்து ஏக்கருக்கு 48 கிலோ; சூப்பர் பாஸ்பேட்டாக இடின் 300 கிலோ வரும். இச்செலவுக்கு அஞ்சிப் பொட்டலத்தை மட்டும் இட்டவர்கள் பொட்டலத்தைக் குறைகூறுவது நியாயமன்று. மாலிப்டினம் என்னும் நுண்சத்து நைட்ரஜனேஸ் நொதியின் உறுப்பாகும். புளிப்பு மிக்க மண்ணில் அது வேருக்குக் கிட்டாது. ஆகவே அத்தகைய மண்ணுக்குச் சுண்ணாம்பு இட்ட பிறகே குதிரைமசாலை நினைக்கலாம். நீர் தேங்கும் நிலமும் ஆகாது. காற்றில்லா மண்ணில் முடிச்சு மூச்சுத் திணறும்.

மற்றொரு பிழை, பயிர் பசுமையாகவில்லையே என்று யூரியாவை அள்ளித் தெளிப்பது. மண்ணில் தழைச்சத்து எளிதாகக் கிடைக்குமானால் செடி சர்க்கரையைச் செலவிட்டு முடிச்சை வளர்க்காது. முடிச்சில்லாத பயிருக்கு யூரியா இட்டுக் காப்பாற்றலாம். முடிச்சுள்ள பயிருக்கு அடிக்கடி இட்டால், காசில்லாமல் உழைக்கும் வேலையாளை நிறுத்திவிட்டுக் கூலியாளை அமர்த்தியதற்கு ஒப்பாகும். நன்கு முடிச்சுப் பிடித்த குதிரைமசால் ஓராண்டில் ஹெக்டருக்கு 150 முதல் 250 கிலோ வரை தழைச்சத்தைக் காற்றினின்றும் ஈட்டுவதுண்டு. நடுவாக 200 என்று கொண்டால் ஏக்கருக்கு 80 கிலோ. அதனை யூரியாவாக வாங்கினால் 174 கிலோ. 45 கிலோ மூட்டை நான்குக்குச் சற்றே குறைவு. அப்பயிரை அழித்துப் பின்னர் விதைக்கும் சோளத்துக்கோ பருத்திக்கோ வேரில் எஞ்சியதும் கிடைக்கும்.

முடிச்சு உழைக்கின்றதா என்பதை அங்கத்தினர் தாமே சோதித்துக்கொள்ளலாம். விதைத்த ஆறாவது வாரத்தில் ஐந்தாறு செடிகளை மண்ணோடு பெயர்த்து, நீரில் அலசவேண்டும். கையால் பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே அறுந்து தங்கிவிடும். முடிச்சை நகத்தால் கீறிப் பார்க்கவேண்டும். உள்ளே இரத்தம்போல் இளஞ்சிவப்பாக இருந்தால் அது உழைக்கின்றது. அச்சிவப்பு, நம் குருதியிலுள்ளதற்கு உறவான லெக்ஹீமோகுளோபின் என்னும் பொருளாலாவது. பிராணவாயு மிகுந்தால் நைட்ரஜனேஸ் கெட்டுவிடும் ஆதலின், அதனை அளவோடு கொண்டு தரும் பணி அதனுடையது. உள்ளே வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் அம்முடிச்சினால் பயனில்லை. விதைக்கும்போதே ஒரு பாத்தியை மட்டும் நுண்ணுயிர் கலவாத விதையால் விதைத்து அடையாளமிட்டு வைத்தால், பொட்டலத்துக்குக் கொடுத்த பணம் வீணா அன்றா என்பதை எவர் சொல்லையும் நம்பாமல் கண்ணாலேயே காணலாம். கலவாத பாத்தியை முதலில் விதைத்துவிட்டுக் கையையும் கூடையையும் பின்னர் அழுக்காக்கிக்கொள்வது நலம்.

நாம் கூறிய ஊருக்கு வருவோம். அவ்வம்மையாரின் நட்டத்தைச் சங்கம் ஏற்பதா, விதைத்தவர் ஏற்பதா என்பது நிர்வாகக் குழுவில் இரண்டு கூட்டங்களுக்கு வாதமாயிற்று. விற்ற பொட்டலம் அப்பயிருக்கு உரியதன்று என்பது மேலட்டையிலேயே இருந்ததால், படித்துப் பார்த்து வாங்கியிருக்கலாமே என்று ஓர் உறுப்பினர் கூறினார். படிக்கத் தெரியாதவர்க்குப் படித்துச் சொல்வதற்கே சங்கத்தில் சம்பளத்துக்கு ஆள் இருக்கின்றார் என்று மற்றொருவர் விடையிறுத்தார். இருப்பைப் பார்த்துக் கையொப்பமிட்டவர் என்ற முறையில் நம் தவற்றையும் எழுத்தில் கொடுத்தோம். முடிவில், தவணையை ஆறு மாதம் தள்ளிவைத்து, மறு விதைப்புக்கு விதையும் மணிச்சத்தும் சங்கத்தின் பொதுநல நிதியிலிருந்து வழங்கத் தீர்மானித்தனர். எஞ்சிய பொட்டலங்களை எருக்குழியில் கொட்டிக் கணக்கில் நட்டமாக எழுதினர். அத்தொகை பெரிதன்று, ஆனால் அதை எழுதச் சம்மதிப்பதற்கே நெடுநேரம் பிடித்தது.

மறு விதைப்பின் நாற்பதாம் நாள் அதே வாய்க்காலில் வேரை அலசினோம். ஆணிவேரையும் கிளைவேர்களையும் சுற்றி விரல்போல் நீண்ட முடிச்சுகள் இருந்தன. கீறியவற்றில் பெரும்பாலானவை சிவப்பு. ஒரு மூலையில், மேட்டிலிருந்து வழியும் நீர் தேங்கும் இடத்தில் மட்டும் பயிர் மெலிந்தே இருந்தது. அங்கே வடிகால் வெட்டச் சொன்னோம். எண்பதாம் நாள் முதல் அறுப்பு. அதன்பின் இருபத்தைந்து முப்பது நாளுக்கு ஓர் அறுப்பு. பசியோடிருக்கும் மாட்டுக்குப் பசுங்குதிரைமசாலை மட்டும் நிறைய இட்டால் வயிறு உப்பும் ஆதலால், தட்டோடு கலந்து இடவேண்டும் என்பதை அவருக்குச் சொல்லப் புகுந்தபோது, அதைத் தாம் முன்னமே அறிவதாகச் சொல்லி நகைத்தார்.

அச்சங்கத்தில் இப்போது பொட்டலங்களை மொத்தமாக வாங்கி அடுக்குவதில்லை. குதிரைமசாலை நம் பகுதியில் ஜூலை முதல் டிசம்பர் வரை விதைக்கலாம். விதைப்புக்கு மூன்று வாரம் முன்னர், எந்தப் பயிர், எத்தனை சென்ட், எந்த வாரம் என்று அங்கத்தினரிடம் பெயர்ப்பட்டியல் எடுத்து, அந்த அளவுக்கு மட்டும் தேவைப்பட்டியல் அனுப்புகின்றனர். சரக்கு வந்தவுடன் தயாரித்த தேதி, காலாவதித் தேதி, தொகுதி எண், பயிரின் பெயர் ஆகிய நான்கையும் இருப்புப் பதிவேட்டில் சிவப்பு மையில் எழுதிவைக்கின்றனர். ஆய்வுக்குச் செல்லும் நாமும் முதலில் பொட்டலத்தை எண்ணுவதை விட்டு, மட்பாண்டத்துக்குள் கையை இட்டு அது குளிர்ந்திருக்கின்றதா என்று பார்க்கின்றோம்.